தேய்ந்த காசு

பையில் ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ இருந்தால் எடுத்து, வருடம் போட்டிருக்கும் இடத்துக்குக் கீழே பாருங்கள். சின்னதாக ஒரு நட்சத்திரம் இருந்தால் அது ஹைதராபாத்தில் அடித்தது. வைர வடிவம் என்றால் மும்பை. ஒரு புள்ளி மட்டும் இருந்தால் நொய்டா. ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. இன்று நம் கைக்கு வரும் சில்லறையை அடிப்பது இந்த நான்கு நாணயச்சாலைகள்தான். நான்கில் இளையது நொய்டா, 1988இல் வந்தது. கொல்கத்தா ஏன் அடையாளம் போட்டுக்கொள்வதில்லை என்று எனக்குள் ஒரு கேள்வி இருந்தது. பெரிய வீட்டுப் பிள்ளைக்கு இனிஷியல் எதற்கு என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

இருபத்தாறு வயதில்தான் இது எனக்குத் தெரியவந்தது. அலுவலகத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் மீதிச் சில்லறை வாங்கியபோது, கூட வேலை பார்க்கும் நண்பர் என் உள்ளங்கையை எட்டிப் பார்த்து, "ரெண்டு ஹைதராபாத், ஒரு நொய்டா" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு வடையைப் பிய்த்தார். ஏதோ ஜோசியம் சொன்ன மாதிரி இருந்தது. அன்றிலிருந்து எனக்குக் கண் மாறிப்போனது. கடைக்காரர் சில்லறை கொடுத்தால் எண்ணுவதற்கு முன்னால் திருப்பிப் பார்ப்பேன். பின்னால் நிற்பவர்கள் நான் செல்லாத காசா என்று சோதிப்பதாக நினைத்துக்கொள்வார்கள். முதல் மாத முடிவில் என் சேகரிப்பின் மொத்த மதிப்பு 43 ரூபாய். வேண்டாம் என்று தோன்றினால் அப்படியே கொண்டுபோய் டீ குடித்துவிடலாம். தொடங்குபவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான பொழுதுபோக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை.

ஒரே சிக்கல், சில்லறை கிடைப்பதில்லை. டீக்கடையில் ஸ்கேன் செய்து பத்து ரூபாய் அனுப்புகிற காலத்தில் நாணயம் தேடுவது, கிணறு தூர்ந்த ஊரில் வாளி வாங்குவது போல. எங்கள் தெரு மளிகைக்கடை கல்லாவில் முன்பு மூன்று கிண்ணங்கள் இருந்தன. இப்போது ஒன்றுதான், அதிலும் பாதி ரப்பர் பேண்டு. கோயில் வாசலில் பூ விற்கும் அம்மாதான் எனக்குக் கைகொடுத்தார். ஐந்நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்தால் ஒரு துணி மூட்டையை அப்படியே தூக்கிக் கொடுப்பார். "எண்ணிப் பாத்துக்கப்பா, எனக்குப் பாரம் கொறஞ்சா சரி." அந்த மூட்டையில்தான் எனக்கு 1985ஆம் ஆண்டு ஒரு ரூபாய் ஒன்று கிடைத்தது. வருடத்துக்குக் கீழே 'எச்' என்ற ஆங்கில எழுத்து. அந்த வருடம் உள்நாட்டில் அடித்தது போதாமல் வெளிநாடுகளிலும் அடிக்கக் கொடுத்திருக்கிறார்கள். இது பர்மிங்ஹாமில், ஹீட்டன் என்ற பழைய நாணயச்சாலையில் அடித்தது. இங்கிலாந்தில் பிறந்த காசு முப்பத்துச் சொச்சம் வருடம் சுற்றி, மயிலாப்பூரில் ஒரு முழம் மல்லிகைக்கு விலையாக வந்து சேர்ந்திருக்கிறது. அன்று இரவு தூங்கவில்லை என்று சொன்னால் மிகை. லேட்டாகத் தூங்கினேன்.

சில்லறையைப் பார்க்க ஆரம்பித்ததும் பேச்சில் இருக்கும் சில்லறையும் காதில் விழத் தொடங்கியது. அம்மா ஐம்பது பைசாவை இன்றுவரை எட்டணா என்றுதான் சொல்கிறாள். 1957 ஏப்ரல் 1ஆம் தேதி ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற கணக்கு போய், ரூபாய்க்கு நூறு நயா பைசா வந்தது. அம்மா பிறந்ததே அதற்குப் பத்து வருடம் கழித்துத்தான். 1964இல் காசிலிருந்து 'நயா' என்ற சொல்லையும் எடுத்துவிட்டார்கள். ஆனால் 'நயா பைசா தர மாட்டேன்' என்பதை யாரும் எடுக்கவில்லை. நாலணா சரியாக இருபத்தைந்து பைசா, எட்டணா ஐம்பது, அதனால் அந்த இரண்டு பெயரும் புதுக்காசின் மேல் அப்படியே உட்கார்ந்துகொண்டன. ஓரணாவுக்கு ஆறேகால் பைசா. உட்கார இடமில்லை. அதனால் பேச்சிலும் நிற்கவில்லை. துட்டு என்கிறோமே, அது டச்சுக்காரர்களின் 'டொய்ட்' என்ற செப்புக்காசிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் கேஷ் என்கிறார்களே, நம் நாட்டுச் சின்னக் காசைக் குறிக்கும் அந்தச் சொல் நம்முடைய காசு போர்ச்சுக்கீசியர் வாய் வழியாகப் போனது. சென்னையில் மிண்ட் என்று பஸ்ஸில் போர்டு போட்டுப் போகும் தங்கசாலை, கம்பெனிக்காரர்களின் நாணயச்சாலை இருந்த இடம். அங்கே பத்து தடவையாவது பாவ் பாஜி சாப்பிட்டிருப்பேன், பெயரை யோசித்ததில்லை.

கருவிகள் என்று பெரிதாக எதுவும் வேண்டாம். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு லென்ஸ், நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற சின்ன டிஜிட்டல் தராசு, ஒரு காந்தம். மூன்றும் சேர்ந்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். இதில் காந்தம்தான் எனக்குப் பிடித்தது. இப்போதைய ஒரு ரூபாய் எஃகு, காந்தத்தில் ஒட்டும். தொண்ணூறுகளின் கனத்த ஐந்து ரூபாய் செம்பும் நிக்கலும் கலந்தது, ஒட்டாது. பழைய வெள்ளி ரூபாய் நிச்சயம் ஒட்டக்கூடாது. ஆனால் ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட 1947ஆம் ஆண்டு ரூபாய் டக்கென்று ஒட்டிக்கொள்ளும். போலி என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது நிஜம். உலகப்போர் வெள்ளியை விழுங்கிவிட்டது. 1940இல் ரூபாயில் இருந்த வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். 1946இல் வெள்ளியையே கைவிட்டு முழுக்க நிக்கலில், பின்பக்கம் ஒரு புலி நடந்துபோகிற மாதிரி அடித்தார்கள். சுத்த நிக்கல் காந்தத்துக்கு ஒட்டும். ஒரு சாம்ராஜ்யத்தின் கஜானா எந்த நிலைமையில் இருந்தது என்பதை ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் விநாயகர் பொம்மையின் காந்தத்தை வைத்தே தெரிந்துகொள்ளலாம்.

ஓட்டைக் காலணாவும் அதே போரின் பிள்ளைதான். 1943இல் செம்பை மிச்சம் பிடிக்க நடுவில் பெரிய துளை போட்டு அடித்தார்கள். உதவாக்கரைப் பிள்ளைகளைத் திட்டுவதற்கென்றே அடித்த காசு என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

புதிதாக வருபவர்கள் எல்லோரிடமும் சொல்லப்படும் முதல் அறிவுரை: கழுவாதீர்கள். என் ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர், நான் நாணயம் சேர்க்கிறேன் என்று கேள்விப்பட்டு, தன்னிடம் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் 1835ஆம் வருடக் காலணாவைப் புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று தேய்த்துக் கொடுத்தார். குத்துவிளக்கு மாதிரி இருந்தது. செம்பின் மேல் நூற்றைம்பது வருடமாகப் படிந்த பழுப்பு நிறம்தான் அந்தக் காசின் தோல். அதை உரித்துவிட்டால் மறுபடி வராது, விலையும் பாதிக்குக் கீழே போய்விடும். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். மற்றபடி காசை ஓரத்தில் பிடிக்க வேண்டும், முகத்தில் விரல் படக்கூடாது. தெருவில் விற்கும் மெத்தென்ற பிவிசி ஆல்பங்களில் போட்டால் கொஞ்ச வருடத்தில் பச்சையாக ஒரு பிசுக்கு படியும். நடுவில் கண்ணாடித்தாள் ஒட்டிய சதுர அட்டைகள் கிடைக்கின்றன, ஒன்று இரண்டு ரூபாய்க்குள். இதற்கு மேல் இந்தப் பகுதியில் சொல்ல ஒன்றுமில்லை.

கண்காட்சிக்குப் போனபோதுதான் இது ஒரு சந்தை என்பது உறைத்தது. ஒரு கல்யாண மண்டபம். தாலி கட்டும் மேடையில் ஏலம். சாப்பாட்டுக்கூட மேசைகளில் வரிசையாக வியாபாரிகள். ஓரத்து மேசையில் 'எதை எடுத்தாலும் 20' என்று எழுதிய பிளாஸ்டிக் தட்டு, அதைச் சுற்றிப் பள்ளிக்கூடப் பையன்கள். நானும் அங்கேதான் நின்றேன். அறுகோணமான மூன்று பைசா, தாமரை போட்ட பித்தளை இருபது பைசா, காண்டாமிருகம் போட்ட நாலணா. அந்த நாலணாவும் அதற்குக் கீழ்ப்பட்ட காசுகளும் 2011 ஜூன் 30ஆம் தேதியோடு செல்லாமல் போயின. நான் பள்ளியில் தேன்மிட்டாய் வாங்கிய காசு அது. அதை இருபது ரூபாய் கொடுத்து வாங்கினேன். எண்பது மடங்கு லாபம், யாருக்கென்றுதான் தெரியவில்லை.

பக்கத்து மேசையில் ராஜராஜ சோழனின் செப்புக்காசு ஒரு சினிமா டிக்கெட் விலைக்கு இருந்தது. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் உருவம், பக்கத்தில் ஸ்ரீ ராஜராஜ என்று நாகரி எழுத்தில். தமிழில் இல்லை என்பது முதலில் பார்க்கிற எல்லோருக்கும் ஒரு சின்ன ஏமாற்றம். இவ்வளவு மலிவா என்று கேட்டேன். "ஆத்துல அள்ள அள்ள வருது சார்" என்றார் வியாபாரி. அந்தப் பதில் என்னை வாங்கவிடாமல் செய்துவிட்டது. கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்து எடுத்த காசுகளிலிருந்துதான் மாக்கோதை, கொல்லிப்புறை என்று பெயர் பொறித்த சேரர் நாணயங்கள் வெளியே வந்தன. சங்ககால மன்னர்கள் தங்கள் பெயரில் காசு அடித்தார்களா என்ற கேள்விக்கு, 1980களில் இரா. கிருஷ்ணமூர்த்தி தமிழ் பிராமியில் 'பெருவழுதி' என்று எழுதிய பாண்டியர் காசை அடையாளம் கண்டு பதில் சொன்னார். இதையெல்லாம் காப்பாற்றியது சேகரிப்பாளர்கள்தான். அதே சமயம் எந்த மணல்மேட்டில், எந்த ஆழத்தில், வேறு எதனோடு சேர்ந்து கிடந்தது என்ற விவரம் சலிக்கும்போதே தண்ணீரோடு போய்விடுகிறது. மண்ணில் கிடைக்கும் புதையல் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டரிடம் சொல்ல வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இன்னும் இருக்கிறது. மேசையில் இருந்த காசு எப்போது யார் எடுத்ததோ. எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது. ஆனால் புதிதாகத் தொடங்குபவர் இந்தப் பக்கம் அவசரமாகப் போக வேண்டாம் என்பது என் கட்சி. எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாணயப் பிரிவு இருக்கிறது, முதலில் அங்கே போய் ஒருநாள் முழுக்கப் பார்க்கலாம். நிஜம் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் போலி கண்ணில் படும்.

மண்டபத்தில் இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். ஒரே வருடம், ஒரே நாணயச்சாலை, ஒரே காசு. ஒன்று நூற்றைம்பது ரூபாய், இன்னொன்று நாலாயிரம். என்ன வித்தியாசம் என்றால், நாலாயிரம் ரூபாய்க் காசு யார் கையிலும் போகவில்லை. அடித்த அன்று பையில் கட்டி எங்கோ வைத்தது அப்படியே இருக்கிறது. 'யூஎன்சி' என்பார்கள், புழங்காதது என்று அர்த்தம். ராஜாவின் காது மடல் தேய்ந்திருக்கிறதா, மீசை முடி தனித்தனியாகத் தெரிகிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். துளை போட்டது, வளையம் வைத்தது, பெயர் பொறித்தது எல்லாம் சேதக் கணக்கில் சேரும். வியாபாரத்துக்கு இது சரியான அளவுகோல்தான். கண்ணுக்கும் அந்தப் புதுக்காசு அழகாகத்தான் இருந்தது. ஆனால் புழங்குவதற்காக அடித்த ஒரு பொருளில், புழங்காததுதான் உயர்ந்தது என்பதைப் பழகிக்கொள்ள எனக்கு நாளானது.

போலிகளைப் பற்றி ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன், ஏனென்றால் அது இந்தக் கட்டுரைக்குள் மறுபடி வரப்போகிறது. ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ போட்ட கருத்த செப்புக்காசு. மறுபக்கம் ஈஸ்ட் இந்தியா கம்பெனி, ஒன் அணா, 1818. உங்கள் சொந்தக்காரர் யாராவது ஒருவர் வீட்டுப் பூஜை அலமாரியில் நிச்சயம் இருக்கும். கம்பெனி அப்படி ஒன்றை அடித்ததே இல்லை. இந்தியா முழுமைக்கும் ஒரே மாதிரி நாணயம் என்பதே 1835இல்தான் வந்தது. அதிலும் காலணா, அரையணா உண்டு, ஓரணாவுக்குத் தனிக் காசு கிடையாது. ஓரணாக் காசு புழக்கத்துக்கு வந்ததே 1907இல், ஓரம் வளைந்து வளைந்து இருக்கும் செம்பு நிக்கல் வில்லையாக. ஆக 1818 என்று போட்டதுமே கதை முடிந்தது. ஆனால் இந்தக் காசுகளை வைத்துத்தான் அரிசியை இழுக்கும், இடி விழுந்த சக்தி இருக்கிறது என்றெல்லாம் லட்சக்கணக்கில் ஏமாற்றுகிறார்கள். ரைஸ் புல்லிங் என்று செய்தித்தாளில் வருவது இதன் பெரியப்பா.

இனி அத்தை.

அத்தை மயிலாடுதுறையில் இருக்கிறார். மாமா அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து 2016இல் இறந்துபோனார். ஒரே மகள் நர்சிங் படிக்கிறாள். நான் காசு பார்க்கிறேன் என்ற விஷயம் குடும்பத்தில் ஒரு கிண்டலாகப் பரவியிருந்தது. ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் செய்து, "தம்பி, நீதான் இந்தக் காசெல்லாம் பாக்குறியாமே, ஒருநாள் வந்துட்டுப் போயேன்" என்றார். குரல் சரியில்லை. சனிக்கிழமை காலை ரயிலில் போனேன்.

விஷயம் இதுதான். போனில் ஒரு வீடியோ வந்திருக்கிறது. வைஷ்ணோதேவி படம் போட்ட ஐந்து ரூபாய் இருந்தால் பத்து லட்சம், டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு இருந்தால் மூன்று லட்சம். வீட்டில் இரண்டுமே இருந்தது. நம்பருக்குப் பேசினால் மரியாதையாக, அக்கா அக்கா என்று நல்ல தமிழில் பேசியிருக்கிறான். போட்டோ அனுப்பச் சொன்னான். மறுநாள் ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட கடிதம் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது, அத்தை பெயர் போட்டு, பத்தொன்பது லட்சம் என்று எழுதி. பதிவுக் கட்டணம் 2,150. அப்புறம் ஜிஎஸ்டி 6,500. பணத்தை எடுத்து வரும் வண்டிக்கு இன்சூரன்ஸ் 9,800. தோட்டை அடகு வைத்துக் கட்டியிருக்கிறார். நாலாவது தடவை 22,000 கேட்டபோதுதான் எனக்குப் போன்.

"ரிசர்வ் பேங்க்லேந்தே லெட்டர் வந்துருக்குடா."

ரிசர்வ் வங்கி பழைய காசு நோட்டு விற்கிற வாங்குகிற வேலையில் இல்லை, தன் பெயரைச் சொல்லி யாரும் கட்டணம் கேட்டால் நம்பாதீர்கள் என்று 2021 ஆகஸ்டிலேயே அறிவித்திருக்கிறது. அதை எடுத்துக் காட்டினேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். படித்து முடித்து, "இதுவும் போன்லதான வந்துருக்கு, அதுவும் போன்லதான வந்துச்சு" என்றார். எனக்குப் பதில் இல்லை. 1930க்குப் போன் செய்து புகார் பதிவு செய்தோம். பணம் போன விவரம், நம்பர், நேரம் எல்லாம் கேட்டார்கள். அத்தை ஒவ்வொன்றையும் மளிகைக் கணக்கு நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு சமையலறையிலிருந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கொண்டுவந்து முறத்தில் கொட்டினார். "அவன விடு. நீ பாத்துச் சொல்லு. இதுல எதுவாச்சும் பெறுமா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இத்தனை நாள் தட்டுத் தட்டாகக் கிளறினேனா என்று இருந்தது. மாமா இருபத்தெட்டு வருடம் தோள்பையில் வந்து விழுந்த சில்லறையிலிருந்து பொறுக்கி வைத்தவை. அவர் தன்னைச் சேகரிப்பாளர் என்று ஒருநாளும் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார். ஆனால் முறத்தைப் பார்த்ததுமே தெரிந்தது, மனுஷன் பார்த்துப் பார்த்து எடுத்திருக்கிறார். 1995 உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த திருவள்ளுவர் காசு. 2003இல் வந்த காமராஜர். 2009இல் வந்த அண்ணா. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு 2010இல் வந்த ஐந்து ரூபாய். எல்லாம் டிக்கெட்டுக்கு வந்த காசுகள். வசூல் குறையக்கூடாதென்று தன் பையிலிருந்து ஐந்து ரூபாய் போட்டுவிட்டு எடுத்து வைத்துக்கொள்வாராம். "கூட்டத்துல நிக்கிறப்ப எப்புடித்தான் கண்ணுல படுமோ" என்றார் அத்தை.

ஒன்றொன்றாகச் சொன்னேன். வைஷ்ணோதேவி ஐந்து ரூபாய் 2012இல் வந்தது, நினைவு நாணயம்தான், ஆனால் ஏராளமாகப் புழக்கத்தில் விட்டது. கண்காட்சியில் ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கும். டிராக்டர் நோட்டு கசங்கியது, ஐந்து ரூபாய்க்கு ஐந்து ரூபாய். 1947 ரூபாய், நிக்கல், புலி. காந்தத்தில் ஒட்டிக் காட்டினேன். அத்தை மகள் சிரித்தாள், அத்தை சிரிக்கவில்லை. அனுமன் போட்ட 1818 இருந்தது. அதைப் பூஜை அலமாரியிலிருந்து தனியாக எடுத்து வந்தார். போலி என்ற சொல்லை வாய்க்குள் வைத்துக்கொண்டு, "இது கம்பெனிக் காசு இல்ல அத்த, சாமிக்காக யாரோ பின்னால அடிச்சது" என்றேன். "சாமி இருக்கார்ல" என்று கேட்டு அதைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டார். அந்த ஒரு காசு விஷயத்தில் மட்டும் அவருக்கு நஷ்டம் எதுவும் இல்லை.

கடைசியாகப் புடவை முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஐந்தாம் ஜார்ஜ், 1918, வெள்ளி ரூபாய். லென்ஸில் பார்த்தேன். பின்பக்கம் அடியில் இருக்கும் தாமரைக்குக் கீழே ஒரு புள்ளி, பம்பாயில் அடித்தது. ராஜாவின் கழுத்தில் கிடக்கும் சங்கிலியில் ஒரு யானை உண்டு. 1911இல் முதலில் அடித்தபோது அந்த யானை பன்றி மாதிரி இருக்கிறது என்று பெரிய எதிர்ப்பு கிளம்பி, வெளியே விட்டதை நிறுத்தி, அடுத்த வருடம் தும்பிக்கையும் காதும் தெரிகிற மாதிரி அச்சை மாற்றினார்கள். அத்தையின் காசில் யானை கிட்டத்தட்ட இல்லை. கிரீடத்து வேலைப்பாடும் வழித்துவிட்டது போல இருந்தது. உச்சியில், ராஜாவின் தலைக்கு நேர் மேலே, ஈயம் மாதிரி ஒரு திட்டு. வளையம் பற்றவைத்திருந்த இடம். தராசில் வைத்தேன். 11.66 கிராம் இருக்க வேண்டியது, 11.2 காட்டியது.

"எங்க ஆத்தா போட்டது" என்றார். அத்தையின் அம்மாவைப் பெற்றவர். வீட்டில் எந்தக் குழந்தை பிறந்தாலும் முதல் வருடம் அரணாக்கயிற்றில் இந்தக் காசைக் கோத்துக் கட்டுவார்களாம். அத்தைக்கு, என் அப்பாவுக்கு, சித்தப்பாக்களுக்கு எல்லாம் இதே காசு. "ஒங்கப்பன் இத வாய்ல போட்டுக் கடிச்சிக்கிட்டே இருப்பான்." வளையம் எங்கே என்று கேட்டேன். "அது பவுனு. தாத்தா மில்லு மூடுன வருசம் பத்தருட்டக் குடுத்து வளையத்த மட்டும் கழட்டி வித்துட்டாங்க. வெள்ளிய யாரு வாங்குறா அப்ப."

நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். தேய்ந்துபோன அரை கிராமில் கொஞ்சம் எங்கள் அப்பாவின் பொக்கைவாய் என்று தோன்றியது. மண்டபத்து மேசையில் இதற்கு என்ன பெயர் என்பதும் தெரியும்: தேய்ந்தது, சேதம், வளையம் நீக்கிய தடம்.

"இது எவ்வளவு பெறும்?"

நூறு சதவீதம் நிஜமான காசு, கோடிக்கணக்கில் அடித்ததால் அரிதில்லை, வெள்ளி விலைக்கு ஒட்டித்தான் வரும் என்றேன். வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் ஃபீஸ் கட்ட இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது, தோடு அடகில் இருந்தது. என்னிடம் கொஞ்சம் பணம் இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "ஒன்ட்ட கடன் கேக்கவா கூப்புட்டேன்?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பிறகு காசைத் துணியில் சுற்றி என் சட்டைப்பையில் வைத்து, "நீ போற எடத்துல குடுத்து, வர்றத அனுப்பு. கொறச்சலாக் கேட்டா வுட்டுறாத" என்றார்.

சென்னைக்கு வந்து, எனக்குப் பழக்கமான வியாபாரி ஒருவரிடம் காட்டினேன். நல்ல மனிதர்தான். எடை போட்டார், உச்சியில் இருந்த திட்டை நகத்தால் தடவினார், "லூப் எடுத்தது, உருக்குற கணக்குலதான் வரும், 650" என்றார். அதே 1918, அதே பம்பாய், தழும்பில்லாதது அவர் ஆல்பத்தில் 1,100 என்று சீட்டு ஒட்டி இருந்தது. அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நான் காசைத் திரும்ப வாங்கிக்கொண்டு, படியிறங்கி, ரோட்டோரம் நின்று அத்தைக்கு 1,100 ரூபாய் அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்து வழக்கம்போல அட்டை எழுதினேன். ஒரு ரூபாய், ஐந்தாம் ஜார்ஜ், 1918, பம்பாய், 11.2 கிராம், தேய்ந்தது, உச்சியில் வளையம் நீக்கிய தடம். வாங்கிய விலை என்ற இடத்தில் 1,100. யாரிடமிருந்து என்று ஒரு இடம் உண்டு, பொதுவாக வியாபாரி பெயரை எழுதுவேன். அதை நிரப்புவதற்குள் போன் வந்தது.

"எவ்வளவுக்குப் போச்சு தம்பி?"

"ஆயிரத்து நூறு அத்த. இப்பதான் போட்டுவிட்டேன், வந்துருக்கும் பாருங்க."

"பரவால்லயே" என்றார். "அந்தத் தேஞ்ச காசுக்கு."